மொகிலி ஓடினால் ஓடு

கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் போசக்காவின் புருஷன் அவளைத் தாண்டிக் குதித்துத் தெருவுக்கு ஓடினான். சும்மா தாண்டவில்லை, சோறு போட்டுக்கொண்டிருந்தவளின் தோளில் கால் வைத்துத் தாண்டினான். குழம்புச் சட்டி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். வெயில் ஏறியதில் கூரை மூங்கில் ஒன்று 'டிக்' என்றது, நடந்தது அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்ப் பார்த்தால், மொகிலி அவிழ்ந்த லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி வேப்பமரத்தடியில் குந்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, பேயப் பார்த்தியா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. கால் போயிடுச்சு."

கால் போயிற்றாம்! இவன் போகவில்லையாம்! போசக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தெருவே சிரித்தது. கட்டினவளைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் என்று எர்ரகுண்டா காலனியில் அவனுக்கு அன்றைக்குப் பெயர் விழுந்தது. காலனிக்காரர்களுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஆனால் சிரித்தவர்களில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை. அவர்களுக்குத் தெரியும்.

மொகிலி முட்டுப் போடுகிறவன். நிலக்கரித் தூண்களை வெட்டி எடுத்துக்கொண்டே பின்வாங்கி வரும் இடத்தில் தலைக்கு மேலே இருக்கும் பாறையை யாரும் நம்புவதில்லை. கீழே நிறுத்திய மரமுட்டுகளை நம்பித்தான் ஆட்கள் நிற்பார்கள். பாறை இறங்க ஆரம்பித்தால் மரம் முதலில் முனகும், அப்புறம் உள்ளே நார் தெறித்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். முட்டு பேசுகிறது என்பார்கள். பேசினால் கையில் இருப்பது தங்கமாக இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். மரத்துக்குப் பதில் இரும்பு முட்டு வந்தபோது ஆட்கள் மல்லுக்கு நின்றார்கள். மரமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒடியும், இரும்பு சொல்லாமல் கொள்ளாமல் வளைந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மொகிலிக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. எல்லாரும் ஓடினால் இவனும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடுவான். ஒரு நாள் அப்படித்தான் முட்டு பேசியது. ஐலய்யா என்று இவன் வயதுக்காரன் ஒருவன் நாலு எட்டு ஓடியவன், சோற்று டப்பாவை விட்டுவிட்டேன் என்று திரும்பினான். பெண்டாட்டி புது டப்பா வாங்கிக் கொடுத்திருந்தாளாம். மொகிலி அவன் சட்டையைப் பிடித்தான். சட்டைத் துணி கையோடு வந்துவிட்டது.

அன்றோடு மொகிலியின் காது வேறு காதாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் என்ன என்று அவன் யோசித்ததே இல்லை. யோசிப்பதற்கு முன்பே உடம்பு தெருவில் நிற்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை நனைந்துவிடும், வாய் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். என்ன நடந்தது என்று கடைசியாகத் தெரிந்துகொள்கிறவன் அவன்தான்.

மேலே இது கேலிக்கூத்து. கீழே இதுதான் எட்டுப் பேருக்கு உயிர். மற்றவர்கள் காதில் விழாத சத்தம் மொகிலியின் காதில் விழும். மிஷின் ஓடும் இரைச்சலுக்குள்ளும் விழும். அவன் கால் கிளம்புவதற்கும் பாறை விழுவதற்கும் நடுவில் எல்லாரும் ஓடித் தப்பிக்கப் போதுமான நேரம் இருக்கும். அதனால் அந்தக் குழுவில் யாரும் முட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள், மேலே பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். மொகிலியைப் பார்ப்பார்கள். புதிதாக வருகிற ஆளுக்குக் குழுத் தலைவர் சர்தார் சொல்லும் பாடமே ஒன்றுதான்: "மொகிலி ஓடினா ஓடு. அவன் உட்கார்ந்திருந்தா நீயும் உட்காரு." அடுத்த குவார்ட்டர்ஸ்காரன் சாயிலு அதற்கும் ஒருபடி மேலே போனவன். கள்ளு உள்ளே போனால் போசக்காவிடம் வந்து கும்பிடு போடுவான்.

"அண்ணி, ராஜவ்வா கழுத்துல நான் கட்டினது சும்மா மஞ்சக் கயிறு. நிஜத் தாலிய அண்ணன் கால்லதான் கட்டியிருக்கேன். அதுக்கு நல்லா எண்ணெய் தேய்ச்சு விடு."

"நீயே தேய்ச்சு விடேன், உன் தாலிதானே" என்பாள் போசக்கா.

கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அவள் வீட்டையே அவன் காதுக்குத் தக்கபடி மாற்றினாள். மரக் கட்டில் போய் இரும்புக் கட்டில் வந்தது. கதவுக் கீலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய். வேர்க்கடலை உரிப்பதென்றால் வாசலுக்கு வெளியே. மகள் ஸ்வரூபா சின்ன வயதில் விரலில் சொடக்கு எடுத்தால் கையில் அடி விழும். "நைனா காதுக்கு ஆகாது" என்று அந்தக் குழந்தை விருந்தாளிகளிடமே சொல்லிப் பழகியிருந்தது. இப்படியாக ஒரு வாழ்க்கை. குறை சொல்ல முடியாது, ஓடிவிட்டது.

ஸ்வரூபா தலைப்பிரசவத்துக்கு வந்தபோதுதான் வினை வந்தது. பிள்ளை ஆண்பிள்ளை. மொகிலி அதைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். பால்காரனைக்கூட விடவில்லை. "மூக்கப் பாரு, என் மூக்கு" என்பான். மூக்கென்று சொல்லும்படி அந்த முகத்தில் அப்போது ஒன்றும் இல்லை.

இருபத்தோராம் நாள் தொட்டில் போட்டார்கள். சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள், நடுவீட்டு உத்தரத்தில் தொட்டிலைக் கட்டிச் சுற்றிலும் பூ. மஞ்சளும் குங்குமமுமாகப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாத்தா வந்து முதல் ஆட்டு ஆட்டட்டும் என்று சம்பந்தியம்மாதான் கூப்பிட்டாள். போசக்காவுக்கு உத்தரத்தின் ஞாபகமே இல்லை. கீலுக்கு எண்ணெய் போட்டவள், கட்டிலை மாற்றியவள், தலைக்கு மேலே குறுக்கே கிடந்த கட்டையை மறந்துவிட்டாள். மொகிலி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வெட்கப்பட்டபடி வந்து கயிற்றைப் பிடித்தான். ஒரு ஆட்டு. ரெண்டாவது ஆட்டில் பாரம் ஏறி உத்தரம் பேசியது.

அவன் தொட்டிலின் ஊடாகவே ஓடினான். முழங்கால் பட்டுத் தொட்டில் கவிழ்ந்தது. பிள்ளை விழுந்ததும், கீழே உட்கார்ந்திருந்த சாயிலுவின் பெண்டாட்டி ராஜவ்வா மடியை ஏந்தியதும் ஒரே நேரம். மடியில்தான் விழுந்தது, சுவாமி காப்பாற்றினார். ஆனால் பெண்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அது காலனி முழுக்கக் கேட்டது.

மொகிலி திரும்பி வந்து வாசற்படியில் நின்றான். உள்ளே வரக் கால் எழவில்லை.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான்.

ஸ்வரூபா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை, பயம்தான். பெற்ற அப்பனைப் பார்த்து அவள் பயந்தாள். "நைனா, நீ இவன இனிமே தொடாத. உன் கால்ல விழுந்து கேட்டுக்கறேன், தொடாத" என்றாள்.

மொகிலி சரி என்று தலையாட்டினான். அன்றிலிருந்து சோறு வாசலில், படுக்கை வாசலில். பிள்ளை உள்ளே அழுதால் எழுந்து தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருவான். போசக்கா ஒரு சாயங்காலம் பார்க்கிறாள், கொடியில் காய்ந்த பிள்ளையின் சட்டை ஒன்றை எடுத்து முகர்ந்துகொண்டிருக்கிறான். இவளைக் கண்டதும் மறுபடி கொடியில் போட்டுவிட்டு, கிளிப்பையும் மாட்டிவிட்டுப் போனான். இந்த மனுஷன் பேரனைக் கையில் எடுக்காமல் சாகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தாள்.

காலனி ஆஸ்பத்திரிக்கு அவள் போகவில்லை. சுரங்கத்து வீட்டுப் பெண் எவளும் புருஷனுக்குப் பயம் இருக்கிறது என்று கம்பெனி டாக்டரிடம் சொல்ல மாட்டாள். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அன்ஃபிட், வேலை போய்விடும். அதனால் இங்கே எல்லாரும் டாக்டர் முன்னால் ஆரோக்கியசாலிகள். இருமிக்கொண்டே இருமல் இல்லை என்பார்கள். போசக்கா அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கரீம்நகருக்குப் போனாள், அங்கே மூளைக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தி இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

அங்கேயும் கூத்துதான். டாக்டரம்மாவின் அறையில் மொகிலி உட்கார்ந்த நாற்காலி முனகியது. ஆள் ரோட்டில். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நல்ல பெண். அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போசக்காவிடம் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவரு பயந்தாங்கொள்ளி இல்லம்மா. மூளைக்கு அடியில, காதுக்கு உள்பக்கமா, பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு இடம் இருக்கு. ஆபத்தக் கவனிக்கிற வேலை அதோடது. முதல்ல சத்தம் வந்துச்சு, அப்புறம் பாறை விழுந்துச்சு. அது ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுடுச்சு. இனிமே பாறை விழவே வேண்டாம், சத்தம் மட்டும் போதும். ஒவ்வொரு தடவையும் அந்த வழி இன்னும் அகலமாகும். ஒத்தையடிப் பாதை வண்டிப்பாதை ஆகற மாதிரி. அதனாலதான் மரச் சத்தம், மூங்கில் சத்தம், நாற்காலிச் சத்தம் எல்லாத்துக்கும் ஓடறாரு. அதுக்கு வித்தியாசம் தெரியல."

"அத எடுத்துடலாமா டாக்டரம்மா? ஆப்பரேஷனா?"

"எடுக்கல்லாம் முடியாதும்மா. அது படிச்சத மறக்காது. ஆனா நெத்திக்குப் பின்னால இன்னொரு இடம் இருக்கு, அதுக்குச் சொல்லித் தரலாம். 'டேய், சும்மா இரு, ஒண்ணும் விழாது'ன்னு அது இத அடக்கும். அதுக்குச் சத்தம் வரணும், எதுவும் விழக்கூடாது. திரும்பத் திரும்ப. பக்கத்துல நீங்க உட்கார்ந்து பொறுமையாச் செய்யணும்." எழுதிக்கொண்டே கேட்டாள்: "அவருக்கு வேலை சுரங்கத்துக்கு உள்ளேயா, மேலயா?"

பேனா காகிதத்தின் மேல் நின்றது. போசக்காவுக்கு அந்தப் பேனாவைப் பார்த்ததும் நாக்கு தானாகப் புரண்டது.

"மேலதான் டாக்டரம்மா. விளக்கு எடுத்துக் கொடுக்கற லாம்ப் ரூம்ல."

"அப்ப சரி" என்றாள் டாக்டரம்மா.

தொட்டிலில் முதலில் பிள்ளையை விடவில்லை. ஒரு பூசணிக்காயைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்தார்கள். முதல் வாரம் மொகிலி வாசற்படியைத் தாண்டவில்லை. போசக்கா உள்ளிருந்து ஆட்டுவாள், உத்தரம் பேசும், அவன் தெருவுக்குப் போய்த் திரும்பி வருவான். மறுபடி ஆட்டுவாள். அப்புறம் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அவள் ஒரு கையால் கயிற்றை இழுத்து, இன்னொரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் வந்ததும் அந்தக் கை துடிக்கும் பாருங்கள், பிடித்த மீன் துடிப்பது போல. வேர்த்துக் கொட்டும். "இரு, இரு, எங்க விழுந்துச்சு? மேல பாரு. விழுந்துச்சா?" என்பாள். "விழல" என்பான், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாயிலு சன்னலில் தலையை நீட்டுவான். "அண்ணே, பூசணிக்காய்க்குப் பேர் வச்சாச்சா? மூக்கு உன்ன மாதிரியே இருக்கு!"

"போடா, உன் வேலையப் பாரு" என்று திட்டிக்கொண்டே மொகிலி சிரிப்பான். சிரித்தபடி அவன் ஒரு சத்தத்தைத் தாண்டியதை முதன்முதலில் கவனித்தது ஸ்வரூபாதான். உத்தரம் பேசியது, அவன் உட்கார்ந்தே இருந்தான். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

மழை பிடிக்கும் சமயத்தில் மொகிலிக்குச் சத்தம் வந்தால் ஒரு மூச்சு மட்டும் தப்பும், அவ்வளவுதான். அந்த வாரம் ஒரு நாள் ஸ்வரூபா பூசணிக்காயை எடுத்துச் சமையலுக்கு வெட்டினாள். பிள்ளையைக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்தாள்.

"கீழ போட்ட, அப்புறம் பேச மாட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவன் தொட்டிலில் போட்டு ஆட்டினான். உத்தரம் பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. அவன் பாடக்கூடச் செய்தான், கர்ண கொடூரமாக. போசக்கா அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அவள் ஜன்மத்தில் வந்ததில்லை.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவன் டப்பாவை நீட்டினான். வழித்துத் தின்ற டப்பா. கீழே இவன் நின்றுகொண்டே ரெண்டு வாய் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவருகிற ஆள்.

"இன்னிக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன் புள்ள. நெஞ்சு அடிக்கல. சோத்துக்கு இவ்வளவு ருசி இருக்குன்னே தெரியாமப் போச்சு இத்தனை வருஷமா."

போசக்கா மறுநாளிலிருந்து ஒரு ரொட்டி கூடுதலாக வைத்தாள். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு எங்கே உறைக்கும்!

ஷிப்ட் மாறும் நேரம் இல்லாத நேரத்தில் சங்கு ஊதினால் காலனியில் அடுப்பை அணைக்கக்கூட யாரும் நிற்க மாட்டார்கள். அன்று முற்பகல் ஊதியது. நிறுத்தாமல் ஊதியது. போசக்கா துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். பக்கத்தில் ராஜவ்வா ஓடிவந்தாள், செருப்பில்லாமல். சுரங்க வாயில் பெண்கள் கூட்டம். உள்ளேயிருந்து மேடேறி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கரி அப்பிய முகங்களில் எது எவன் என்று நடையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மொகிலியின் நடையைப் போசக்கா பார்த்துவிட்டாள். 'ஐயோ சாமி, என் ஆள் வந்துட்டான்' என்று அவள் வாய் சொல்லிவிட்டது, பக்கத்தில் நின்ற ராஜவ்வாவின் கை அவள் கையைப் பிடித்திருக்கும்போதே.

சாயிலுவைச் சாயங்காலம் கொண்டுவந்தார்கள்.

என்ன நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சர்தார் சொன்னார், மற்ற ஆட்கள் சொன்னார்கள், விசாரணைக்கு வந்த ஆபீசர்களும் எழுதிக்கொண்டார்கள்: சாப்பாட்டு நேரம், முட்டு பேசவே இல்லை, திடீரென்று இறங்கிவிட்டது. பேசியிருந்தால் மொகிலி ஓடியிருப்பானே! மொகிலி உட்கார்ந்திருந்தான், அதனால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கல் விழுந்த பிறகு ஓடியவர்கள் பிழைத்தார்கள். சாயிலு உள்பக்கமாக உட்கார்ந்திருந்தான். விதி, வேறென்ன சொல்வது என்று காலனி முடித்துக்கொண்டது.

மொகிலி கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினான். வீட்டில் பிள்ளையை ஸ்வரூபா கொண்டுவந்து நீட்டினால் வாங்கிக்கொள்வான், ஆட்டுவான், திருப்பிக் கொடுப்பான். கண் அதைப் பார்க்காது.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. போசக்கா தினமும் சோறும் குழம்பும் கொண்டுபோய் ராஜவ்வாவுக்குப் பிசைந்து ஊட்டிவிட்டு வந்தாள். காரியத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ராஜவ்வா முதல்முறையாகக் கொஞ்சம் வாய் திறந்து பேசினாள்.

"அக்கா, ஒண்ணு நினைச்சா மனசு ஆறுது. மாமா காதுக்கே கேக்கலன்னா, அது பேசவே இல்லதானே? பேசி, எங்க வீட்டுக்காரரு அசட்டையா இருந்திருந்தா எனக்கு ஆறவே ஆறாது. பேசல. அப்ப யார் என்ன பண்ண முடியும், சொல்லு."

போசக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நம்ம பையன் தேவேந்தருக்கு அவங்கப்பன் வேலை கொடுக்கறாங்களாம் அக்கா. எனக்கு அவன அனுப்ப இஷ்டமில்ல, ஆனா வேற வழி என்ன இருக்கு? நீ மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. சர்தார்கிட்டச் சொல்லி அவன மாமா குழுவுலயே போடச் சொல்லு. மாமா பக்கத்துல இருந்தாத்தான் நான் படுத்தா கண்ண மூட முடியும்."

"சொல்றேன்" என்று போசக்காவின் வாய் சொன்னது. அந்த வாய்க்குத்தான் பொய் பழக்கமாயிற்றே.

வீட்டுக்கு வந்தால் மொகிலி வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் முற்றத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு முதுகைக் காட்டியபடியே சொன்னாள். ராஜவ்வா சொன்னதை அப்படியே சொன்னாள், பேசவில்லை என்றதையும், தேவேந்தரைப் பற்றியதையும்.

"பேசுச்சு" என்றான் மொகிலி.

அவள் குழாயை மூடினாள்.

"ரெண்டு தடவை பேசுச்சு. நல்லாக் கேட்டேன். ஒரு மூச்சு தப்புச்சு, அவ்வளவுதான், அப்புறம் நெஞ்சு அமைதியாயிடுச்சு. எல்லாரும் என்னப் பார்த்தாங்க. நான் ரொட்டியப் பிச்சு வாயில வச்சேன். அதப் பார்த்துட்டு அவங்களும் சாப்பிட்டாங்க. மூணாவது தடவை பேசினப்பதான் இது வீடு இல்லன்னு உறைச்சுது. எந்திரிச்சேன். கல்லு வந்துடுச்சு." தன் காலைப் பார்த்தபடி சொன்னான்: "என் கால்தான் புள்ள அவனக் கொன்னுச்சு."

"உன் கால் இல்ல" என்றாள் போசக்கா. ஈரத்திலேயே உட்கார்ந்தாள். "அந்த டாக்டரம்மா கேட்டா. நீ ரோட்டுல இருந்தப்ப. உள்ளயா மேலயான்னு கேட்டா. நான் மேலன்னு சொல்லிட்டேன். லாம்ப் ரூம்னு சொன்னேன். அதுக்கு அப்ப சரின்னா. உள்ளன்னு சொல்லியிருந்தா சரின்னு சொல்லியிருக்க மாட்டா, மொகிலி. அந்தப் பயம் அங்க வேணும், அதத் தொடாதன்னு சொல்லியிருப்பா."

புருஷனைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

அவன் அடிப்பான், இல்லாவிட்டால் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பாவத்துல நான் ஒருத்தன்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். அப்புறம் அழுதான். ஐலய்யா செத்தபோது அழாதவன், பெற்ற தாய்க்கு அழாதவன், உள்ளே ஸ்வரூபாவுக்குக் கேட்கும்படி அழுதான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். காலனியில் ஒரு நாய்க்கும் தெரியப்போவதில்லை. ராஜவ்வாவின் மனசாவது ஆறியிருக்கும். அதையும்தான் போசக்கா ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தாள். ஆனால் தேவேந்தர் போய் அவன் பக்கத்தில் நிற்பானே. எல்லாரையும் போல அவனும் மேலே பார்க்காமல் மொகிலியைப் பார்ப்பானே. அந்த இடத்துக்கு வந்ததும் அவளால் மேலே யோசிக்க முடியவில்லை.

விடிந்ததும் வழக்கம்போலச் சோறு வடித்துக் கட்டினாள். இந்த முறை மொகிலியும் கூட வந்தான். சாவுக்கு அப்புறம் அவன் அந்த வாசலை மிதித்தது அன்றுதான். ராஜவ்வா எழுந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "வாங்க மாமா" என்றாள். பாய் போடப் போனாள். வேண்டாம் என்று அவன் நின்றபடியே சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. பேசியது என்றான், கேட்டது என்றான், எந்திரிக்கவில்லை என்றான். போசக்கா டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். தேவேந்தரைத் தன் பக்கத்தில் அனுப்பாதே, தன் காது செத்துப்போச்சு என்று மொகிலி முடித்தான்.

ராஜவ்வா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு உன்னப் பார்த்தாரா?"

"பார்த்தான்" என்றான் மொகிலி.

அவள் உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டன. சாவு வீட்டுக்குக் கொண்டுபோன பாத்திரத்தைக் காரியம் முடியும்வரை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, அவர்களும் கொடுப்பதில்லை. கொடுத்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். ராஜவ்வா அத்தனை நாளும் போசக்கா கொண்டுவந்த சட்டிகளையும் தட்டுகளையும் கழுவி எடுத்து வந்தாள். படியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அன்றைக்குக் கொண்டுவந்த சோற்றையும் மூடி திறக்காமல் மேலே வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

மொகிலி குனிந்து பாத்திரங்களை எடுத்தான். அவை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. போசக்கா பாதியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். ரெண்டு பேரும் பக்கத்து வாசலுக்கு நடந்தார்கள்.